நர்ஸ்களின் மனச்சோர்வு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி ஆறு வருடம் வார்டு இன்சார்ஜ். ஓய்வு பெற்ற பிறகு நர்சிங் கல்லூரிகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பேசக் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் "கேள்வி இருந்தா கேளுங்க" என்றால் ஒரு கையும் எழாது. அப்புறம் கை கழுவும் இடத்தில் கேட்பார்கள், ஆட்டோ வரும்வரை வாசலில் நின்று கேட்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். எந்த ஊரானாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டர், எனக்கு வெறும் அலுப்பா, இல்ல எல்லாரும் சொல்ற பர்ன்அவுட்டா?"

இரண்டு நாள் ஆஃப் எடுத்து, நன்றாகத் தூங்கி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டால் அது அலுப்பு. ஆஃப் முடிகிற அன்று சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: உடம்பிலும் மனதிலும் ஒன்றும் மிச்சமில்லாத களைப்பு, வேலையிடமிருந்து மனம் விலகிப்போய் எதைப் பார்த்தாலும் ஒரு கசப்பு, 'நான் செய்வதால் என்ன ஆகிவிடப் போகிறது' என்கிற நினைப்பு.

எனக்கு முதலில் வந்தது இரண்டாவதுதான். நோயாளிகளின் பெயர் மறந்துபோய் "பன்னிரண்டாம் பெட்டு", "அந்த டயாலிசிஸ்" என்று பேச ஆரம்பித்தேன். எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள் என்று நினைத்தேன். என் அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, அங்கே ஒரு பெண் அவளை "அந்த இடுப்பு எலும்பு" என்று சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப இது வியாதியா? மாத்திரை இருக்கா?"

வியாதி இல்லை. 2019ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் இதைச் சேர்த்தபோதே, 'இது வேலை சார்ந்த நிலை, நோய் அல்ல' என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நாள்பட்ட வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்பது அவர்கள் விளக்கம். அதாவது கோளாறு உங்கள் தலைக்குள் மட்டும் இல்லை, டூட்டி லிஸ்டிலும் இருக்கிறது. 1974ல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் உதவி செய்யும் ஆட்களைப் பார்த்துத்தான் எழுதினார். ஆர்வமாக வந்தவர்களே முதலில் தீய்ந்துபோனார்கள்.

ஆனால் இதற்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் ரத்தம் எடுப்போம், நம் ரத்தத்தை எடுக்க மாட்டோம். ஒரு பெண் ஆறு மாதமாக "மனசு சரியில்ல சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழரை. அதேபோல், வேலைக்கு வெளியிலும் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, தூக்கமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக (டிப்ரெஷன்) இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, மருத்துவரும் உண்டு.

"இது சேவைத் தொழில். நாமே கஷ்டம்னு பேசலாமா?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் வரும், கேட்டவர்மேல் இல்லை. வருடா வருடம் மே 12ஆம் தேதி நர்ஸ்கள் தினத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், கேக் வெட்டுகிறோம், 'வெள்ளுடை தேவதைகள்' என்று ஒரு பெரியவர் பேசுகிறார். அன்று ராத்திரியே ஆள் இல்லை என்று அந்தத் தேவதைக்கு டபுள் டூட்டி போடுகிறார்கள். சேவை என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் என் அனுபவத்தில், லீவு கேட்கும்போதும் சம்பளம் கேட்கும்போதும்தான் அதை அதிகமாக எடுத்து நீட்டுகிறார்கள்.

நாம் விளக்கேற்றிக் கும்பிடும் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிமியப் போர் முடிந்து 1856ல் ஊர் திரும்பியபின் பல வருடம் நோயாளியாகக் கட்டிலில் இருந்தபடிதான் வேலை செய்தார். செய்த வேலை என்ன? வீரர்கள் காயத்தால் செத்ததைவிட, தடுக்கக்கூடிய தொற்று நோயால் செத்ததே அதிகம் என்று கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்தை உலுக்கினார். "ஏற்பாடு சரியில்லை" என்று எண்ணிக்கையோடு சொன்னவர் அவர். நாம் அவர் கையிலிருந்த விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம், கணக்கு நோட்டை விட்டுவிட்டோம்.

"பேஷண்ட் இறந்தா அழலாமா? அழுதா கத்துக்குட்டின்னு சிரிக்கறாங்க."

அழலாம். நடுவில் செய்ய வேண்டிய வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு, லினன் ரூமில் ஐந்து நிமிடம். எனக்கு நான்காவது வருடம் தீக்காய வார்டில் போட்டார்கள். இருபத்திரண்டு வயசுப் பெண். போலீஸ் வந்தாலும் மாஜிஸ்ட்ரேட் வந்தாலும் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னிடம் மட்டும் ஒரு தடவை, "எம் பையன் யாருகிட்ட வளருவான்கா?" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அன்று நான் அழவில்லை, சீனியர் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், சமையல்கட்டில் மண்ணெண்ணெய் வாசனை வந்ததும் காரணமே தெரியாமல் உடைந்து அழுதேன். அன்றைக்கே அழுதிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். ஒருவர் இறந்ததும், குழாய்களைக் கழற்றும் முன், அங்கிருக்கும் எல்லோரும் அரை நிமிடம், ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது. இறந்தவருக்காகவும், காப்பாற்றப் பாடுபட்டவர்களுக்காகவும். எந்த மதத்துக்காரரும் நிற்கலாம். இதற்கு யாரிடமும் சாங்ஷன் வாங்க வேண்டாம். நான் என் வார்டில் கடைசி மூன்று வருடம் செய்தேன். டாக்டர்கள் முதலில் வாட்ச்சைப் பார்த்தார்கள், பிறகு அவர்களே "நிக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்கள்.

"எனக்கு அழுகையே வர்றதில்ல. நான் கல்லாயிட்டேனா?"

பெரும்பாலும் இல்லை. ஒரே நாளில் மூன்று சாவு பார்த்தால் மனம் தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும், அது பாதுகாப்பு. வீட்டில் குழந்தை விழுந்து முட்டி சிராய்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, வலியில் கத்துகிற நோயாளிமேல் எரிச்சல்தான் வருகிறது என்றால், சாத்திய கதவு திரும்பத் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்போது முதல் கேள்விக்குச் சொன்ன மூன்று அடையாளங்களை மறுபடி பாருங்கள்.

"நைட் முடிச்சு வீட்டுக்குப் போனா தூக்கமே வர மாட்டேங்குது."

காலை வெயில் கண்ணில் பட்டதும் உடம்பு 'விடிந்துவிட்டது' என்று முடிவு செய்துகொள்ளும். வீடு போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், யார் கேலி செய்தாலும் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். இடையில் இருபது நிமிடம் கண்ணசர முடிந்தால் அசருங்கள்; அதற்குமேல் போனால் எழுந்திருக்கும்போது மந்தமாக இருக்கும், அந்த நேரத்தில் மருந்து அளவு பார்க்காதீர்கள். ஜன்னலுக்குக் கெட்டியான பழைய போர்வை ஒன்றைக் கட்டினால் போதும். முக்கியமாக, கண் சொருகினால் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

இதெல்லாம் சொன்னதும் ஒரு பெண் சிரித்தாள். "போர்வை கட்டலாம் சிஸ்டர், மாமியார் வாயை எப்படிக் கட்டறது?" அதுதான் நிஜமான சிக்கல். பகலில் தூங்குகிற மருமகளைச் சோம்பேறி என்றுதான் ஊர் சொல்லும். நைட் டூட்டி வாரத்துக்கு சமையல், பால், குழந்தையைப் பள்ளிக்கு விடுவது யார் பொறுப்பு என்று முந்தின ஞாயிறே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து வாசலில் நின்றபடி சண்டை போட முடியாது.

"எங்க ஆஸ்பத்திரியில யோகா கிளாஸ் வெச்சிருக்காங்க. அது போதாதா?"

யோகா நல்லது. நானும் செய்கிறேன். ஆனால் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் முடித்தவர்களை காலை எட்டு மணிக்கு உட்கார வைத்து, 'மன அழுத்தம் நீக்கும் பயிற்சி' என்று அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். பாதிப் பேர் சவாசனத்திலேயே குறட்டை விட்டார்கள். அதுதான் அந்த வகுப்பின் ஒரே பலன்.

கூரை ஒழுகும்போது வீட்டுக்குள் குடை கொடுப்பது மாதிரி இது. குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட அரை மணி நேரம், வாரம் ஒரு உறுதியான ஆஃப், உடை மாற்றக் கதவு பூட்டுகிற ஒரு அறை, ஓடுகிற தண்ணீரோடு ஒரு கழிவறை இருக்கட்டும். அப்புறம் யோகா.

"நான் இன்சார்ஜ். ஆளே தராம என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

ஆளை உங்களால் பிரசவிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. நம் ஊரில் ஒருத்தியே மூன்று நான்கு பேரைப் பார்க்கிறாள். இதை வாயால் புலம்பாமல் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், அதனால் எது விட்டுப்போனது. ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். ஒரு போஸ்டிங் கிடைத்தது. ஒன்றுதான். ஆனால் அதற்கு முன் வாயால் கேட்டபோதெல்லாம் பூஜ்யம்.

உங்கள் கையில் இருப்பவை வேறு. டூட்டி லிஸ்டை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். ஒரு பெண் தன் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியுமா என்று முதல் நாள் வரை தெரியாமல் தவிப்பது எந்த வேலைப்பளுவையும்விடக் கொடுமை. நைட் முடித்தவளுக்கு மறுநாள் காலை டூட்டி போடாதீர்கள். பண்டிகை நாள் டூட்டியைச் சுற்றுக்கு விடுங்கள், தீபாவளிக்கு எப்போதும் கல்யாணமாகாதவளையே போடாதீர்கள். ஆஃபில் இருப்பவளுக்கு "அந்த ஃபைல் எங்க?" என்று போன் செய்யாதீர்கள். திட்ட வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள், ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னால் வேண்டாம். புதுப்பெண் முதல் சாவைப் பார்க்கும் நாளில் அவளைத் தனியாக மார்ச்சுவரிக்கு அனுப்பாதீர்கள்.

கொஞ்சம் பெரிய மருத்துவமனை என்றால் இன்னொன்றும் முடியும். பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் 1995ல் புற்றுநோயால் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவைப் பற்றி அவர் எழுதிவைத்ததிலிருந்து ஒரு அமைப்பு பிறந்தது. டாக்டர், நர்ஸ், வார்டு ஆயா எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, கேஸைப் பற்றி அல்ல, அந்தக் கேஸ் தங்களை என்ன செய்தது என்று பேசும் கூட்டங்களை அது நடத்துகிறது. நம் ஊரில் டாக்டர் முன்னால் ஆயா வாய் திறப்பாரா என்று கேட்பீர்கள். முதல் கூட்டத்தில் திறக்க மாட்டார். மூத்த டாக்டர் ஒருவர் முதலில் தன் கதையைச் சொன்னால் அடுத்ததில் திறப்பார்.

"ஏதாவது பெரிய சம்பவம் நடந்தா உடனே எல்லாரையும் உக்கார வெச்சுப் பேச வைக்கணுமா?"

கட்டாயமாக வேண்டாம். முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஒரே அமர்வில் எல்லோரையும் வற்புறுத்தி விவரமாகப் பேச வைப்பது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்கு இன்னும் மோசமாக்கலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. விருப்பப்பட்டு வருகிற, மேலே சொன்ன கூட்டம் வேறு, அன்றிரவே கூப்பிட்டு "சொல்லு, எப்படி இருந்துச்சு?" என்று தோண்டுவது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு எளிமையானது: பார், கேள், இணை. யார் கை நடுங்குகிறது என்று பார். பேச வந்தால் கேள், வராவிட்டால் விடு. வீட்டு ஆளோடோ மருத்துவரோடோ இணைத்துவிடு. சூடாக ஒரு டீ, மீதி டூட்டிக்கு மாற்று ஆள், வீடு போக ஒரு துணை. அந்த ராத்திரிக்கு இது போதும்.

"தப்பான மருந்து போட்டுட்டேன். பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா என்னால மறக்க முடியல."

நானும் செய்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரரின் இன்சுலினை மாற்றிப் போட்டேன். நைட்டில் பதினோராவது மணி நேரம். உடனே டாக்டரிடம் சொன்னதால் குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க சர்க்கரை பார்த்துக் காப்பாற்றினோம். மெமோ வந்தது. அதைவிட, மூன்று மாதம் ஒவ்வொரு ஊசியையும் நான்கு தடவை சரிபார்த்துக்கொண்டு, வீட்டில் சமைக்கும்போதுகூட உப்பு டப்பாவின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000ல் இப்படிப்பட்டவர்களை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறிப்பிட்டார். முதல் பாதிப்பு நோயாளிக்கு, அதில் சந்தேகமில்லை. அதனால் வரிசை இதுதான்: நோயாளியைக் காப்பாற்று, டாக்டரிடம் சொல், உள்ளது உள்ளபடி எழுது, கேஸ் ஷீட்டைத் திருத்தாதே. அதற்குப் பிறகு உன்னைப் பார்த்துக்கொள். நம்பிக்கையான சீனியர் ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள், அவர்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். இன்சார்ஜ்களுக்கு: அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது "ஏன் செஞ்ச?" இல்லை, "சாப்பிட்டியா?"

"பேஷண்டோட ஆளுங்க கையை ஓங்கறாங்க. பொறுத்துக்கிட்டே போகணுமா?"

வேண்டாம். மருத்துவப் பணியாளர்மீதான வன்முறைக்கென்றே தமிழ்நாட்டில் 2008ல் தனிச் சட்டம் இருக்கிறது. அது டாக்டர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நர்ஸ்களுக்கும் பொருந்தும். ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரை ஒருவர் கத்தியால் குத்தினார், சட்டம் பதினாறு வருடமாக இருந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே ராத்திரி வாசலில் காவலாள், ஒரு நோயாளிக்கு ஒரு உதவியாள் என்ற கட்டுப்பாடு, கூப்பிட்டால் வருகிற ஆள் என்பதெல்லாம் வேண்டும். புகாரை நிர்வாகமே கொடுக்கும்படி கேளுங்கள். தனி ஆளாக ஸ்டேஷன் வாசலில் நின்றால் "விடும்மா, அவங்க துக்கத்துல இருக்காங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். செய்தவர் உடன் வேலை செய்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நோயாளியின் உறவினராக இருந்தாலும் கேட்கலாம்.

"மனநல டாக்டர்கிட்ட போனா வேலைக்கு ஆபத்தா? பைத்தியம்னு சொல்லிடுவாங்களே."

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிட உங்களுக்கு டிஸ்பென்சரிக்காரரின் வாய்தான் பயம், எனக்குத் தெரியும். சொந்த மருத்துவமனையில் பார்க்க வேண்டாம், பக்கத்து ஊருக்குப் போங்கள். நானே போனேன், வெயிட்டிங் ஹாலில் எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜன் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தோம்.

முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் கேட்கும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். நம் கைக்கெட்டும் தூரத்திலேயே மருந்து இருக்கிறது. அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருந்து அலமாரிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

"என் மனைவி நர்ஸ். டூட்டி முடிச்சு வந்தா பேசவே மாட்டேங்கறா. நான் என்ன செய்யணும்?"

கேள்வி கேட்ட ஒரே ஆண் இவர்தான், அதற்காகவே இங்கே சேர்த்தேன். வந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். நாள் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறார். வெந்நீர் போட்டு வையுங்கள், குழந்தையை அரை மணி நேரம் மாடிக்குக் கூட்டிப் போங்கள். தானாகப் பேச வந்தால் "இதெல்லாம் சகஜம்" என்றோ "அப்படின்னா வேலையை விட்டுடு" என்றோ சொல்லாமல் கேளுங்கள். தூக்கத்தைப் பற்றி மேலே எழுதியதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

"தொகுப்பூதியத்துல இருக்கேன். மனநலம்னு பேசறதே வசதியானவங்க பேச்சு மாதிரி இருக்கு சிஸ்டர்."

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. வாடகைக்குப் பணம் இல்லாதவளிடம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கும். உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2016ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். அதில் பாதி வாங்குபவர்களை எனக்குத் தெரியும்.

சம்பளக் கோரிக்கையை மனநலத்திலிருந்து பிரிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. சங்கத்தில் சேருங்கள். 'எங்கள் சோர்வுக்குக் காரணம் இது' என்று கோரிக்கை மனுவில் எழுதுங்கள். வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருக்கும்வரை உங்களுக்கு ராத்திரித் தூக்கம் வராது.

"வேலையை விட்டுடலாமா?"

நைட் முடித்த காலையில் முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் லீவு எடுத்து, மூன்றாம் நாள் சாயங்காலம் உங்களையே கேளுங்கள். அப்போதும் பதில் 'ஆமாம்' என்றால், முதலில் வார்டு மாற்றம் கேட்டுப் பாருங்கள். ஐசியுவில் தீய்ந்துபோன பெண் தடுப்பூசிப் பிரிவில் மறுபடி சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ், பள்ளிச் சுகாதாரம், கற்பித்தல் என்று நர்ஸிங்குக்குள்ளேயே வேறு வேறு வாசல்கள் உண்டு.

அதெல்லாம் பார்த்தும் விடத்தான் வேண்டும் என்றால் விடுங்கள். அது துரோகம் இல்லை. ஒன்று மட்டும்: ராஜினாமாவைக் கையில் கொடுக்கும் முன் அனுபவச் சான்றிதழையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டால் ஆறு மாதம் அலைய விடுவார்கள்.